இழையம்மை பாட்டில் ஒரு மிளகாய்

ஸ்டெல்லாவின் விரல்கள் நிற்கவில்லை, பாட்டு மட்டும் நின்றது. நிறுத்தியது நான்தான்.

"இரும்மா ஸ்டெல்லா. இப்ப இன்னா பாடின? அந்த அடியத் திரும்பச் சொல்லு."

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக் கூடம். மழை விட்டிருந்த காலை நேரம். தறிக்கும் புதிதாக வந்திருந்த பாவுக்கும் நடுவில் ஸ்டெல்லா காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். சாம்பல் தொட்ட விரல்களால் பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. பிறகு அடுத்த இழை. பாவு பிணைப்பது என்று இதற்குப் பெயர்; சேலையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. நெய்து முடித்த சேலையை அறுத்து எடுக்கும்போது தறியில் கொஞ்சம் பழைய இழையை விட்டுவைப்பார்கள். அதன் நுனியில்தான் புதுப் பாவை ஒவ்வொரு இழையாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக் கூடாது, வாய்க்குத்தான் வேலை இல்லை. அதனால் எங்கள் ஊரில் பாவு பிணைக்கிற பெண்கள் பாடுவார்கள்.

அவள் பாடிக்கொண்டிருந்தது இழையம்மை பாட்டு. நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டும் கையில் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் தலை நிமிராமல் அந்த அடியைத் திரும்பப் பாடினாள்.

"மிளகாய் இடித்தேன், மிளகாயால் அழவில்லை;
வீட்டில் எவரும் அறியார், நீயாவது பார்த்தாயா?"

"எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க பாட்டுல மிளகா எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்றேன்.

ஸ்டெல்லா தலையை இன்னும் குனிந்துகொண்டு அடுத்த இழையை எடுத்தாள். முப்பது வருடங்களுக்கு மேலாக எத்தனையோ பேர் என் முன்னால் அப்படித் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். அதை மறைத்துவிட்டு இந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

என் கட்டைவிரல் நகம்

பட்டு நெசவாளர் சங்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் வாழ்க்கையில் யாரையுமே நம்ப மாட்டீர்களா?" என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். கையெழுத்தைப் பார்த்தால் என் நாத்தனார் கையெழுத்து மாதிரி இருக்கிறது. அது கிடக்கட்டும்.

என் வேலை அப்படி. நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, குற்றம் பார்த்துச் சொல்ல வேண்டும். இழை விட்டிருக்கிறதா, கரை கோணியிருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சரிகை அப்படி இல்லை. ஒரு நூலை உருவிக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவேன். மேலே பொன் முலாம், அதன் அடியில் வெள்ளி, அதற்கும் அடியில் சிவப்புப் பட்டு நூல். சிவப்பு தெரிந்தால் அசல். தெரியாவிட்டால் சேலை வந்த வழியே திரும்பிப் போகும். எத்தனை பேர் சாமி மேல் சத்தியம் செய்திருப்பார்கள்! நான் சத்தியத்தைக் கேட்கவே மாட்டேன், நகத்தை மட்டும் நம்புவேன்.

அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பூக்காரி முழம் போடும்போது அவள் கையைப் பார்ப்பேன், பூவைப் பார்க்க மாட்டேன். ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டினால் அவர் கண் என் வளையல் மேல் போகிறதா என்று கவனிப்பேன். "சாமி குடுத்த விபூதியக்கூட எங்க வீட்டம்மா சுரண்டிப் பார்த்துட்டுத்தான் பூசிக்குவாங்க" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அதில் பாதி உண்மை.

இந்தப் பெயர்தான் என்னை இழையம்மை பாட்டில் கொண்டுபோய் விட்டது.

கண்டால் நம்புவேன்

திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், வேகவதி ஆற்றுப் பக்கம் ஒரு சின்னக் கோயில் உண்டு. ஆறு என்று பெயர்தான். உள்ளே ஓர் ஆள் உயரத்தில் ஒரு கல், அதில் ஒரு பெண் உருவம், அதன் மணிக்கட்டில் நூல் கட்டியது போல ஒரு கோடு. அதுதான் இழையம்மை.

எழுநூறு வருடம் என்பார்கள், தொள்ளாயிரம் என்பார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, தறியில் இருந்த சேலையை அறுத்து வைத்துவிட்டு, ஓர் இழையை மட்டும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாளாம். கோயிலுக்குப் போனாள், உள்ளே விடவில்லை. வாசலில் உட்கார்ந்து பாடினாள், சாகும்வரை பாடினாள் என்கிறது கதை. சமணக் குடும்பத்தார் அவள் எங்கள் துறவி என்பார்கள். சைவர்கள் எங்கள் அடியார் என்பார்கள். ஸ்டெல்லாவின் அம்மா ரோசம்மா, "அவங்க மாதாவுக்கு வேண்டப்பட்டவங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பங்குக்கு இத்தனை பேர் வருகிற கதை என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

ஆனாலும் அவள் பாட்டின் முதல் அடி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"கண்டால் நம்புவேன், காணாமல் நம்பேன்;
கல் என்று சொல்கிறார், காட்டு உன் முகத்தை."

எல்லோரும் சாமியிடம் போய் நம்புகிறேன் நம்புகிறேன் என்று உருகுகிறார்கள். இவள் ஒருத்திதான் நேரே போய், முதலில் முகத்தைக் காட்டு என்று கேட்டிருக்கிறாள். சரிகையைச் சுரண்டிப் பார்க்கிற ஜாதி. உடம்பு சரியில்லாதபோது, பிள்ளைகள் பரீட்சை எழுதப் போனபோது, நான் மற்றக் கோயில்களுக்குக் கடமைக்குப் போயிருக்கிறேன். இந்தக் கல் முன்னால் நின்றபோதுதான் பொய் சொல்லாமல் நின்றிருக்கிறேன்.

போன வருடம் கோயிலைப் புதுப்பிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். சுவரில் கருங்கல் பதித்து, அம்மையின் பாட்டு முழுவதையும் அதில் வெட்ட வேண்டும் என்று முடிவு. பாட்டு எந்த ஏட்டிலும் இல்லை, பாவு பிணைக்கிற பெண்களின் வாயில்தான் இருக்கிறது. இப்போது முழுப் பாட்டும் தெரிந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான்.

"அவங்க ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறவங்க மேடம். நம்ம அம்மை பாட்டுல எதையாச்சும் சேர்த்து வச்சிருந்தா? நீங்க ஒரு தடவ பார்த்து, அசல் எது போலி எதுன்னு சொல்லிட்டீங்கன்னா கல்லுல ஏத்திடலாம்" என்றார் கமிட்டித் தலைவர் முருகேசன்.

எனக்குக் கசந்தது. ஆனால் மறுக்கவில்லை. யாரோ ஒருவர் என்னிடம் அசலா போலியா என்று கேட்டுவிட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஸ்டெல்லாவும் மறுக்கவில்லை. குடமுழுக்கு அன்று கோயிலுக்குள் நின்று அவள்தான் பாட வேண்டும் என்று பேச்சு. "எங்கம்மா ஆயுசுக்கும் வெளியில நின்னுதான்க்கா பாடினாங்க. உள்ள வான்னு ஒருத்தர் கூப்பிடல. ஒரே ஒரு தடவ உள்ள நின்னு பாடிட்டன்னா எனக்குப் போதும்" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆரணி பஸ்

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவும் பாவு பிணைத்தவள்தான். ரோசம்மாவும் அவளும் ஜோடி. ஒருத்தி வலது பக்கத்திலிருந்தும் ஒருத்தி இடது பக்கத்திலிருந்தும் பிணைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். இருவரும் அம்மை பாட்டைப் பாடுவார்கள். நான் பக்கத்தில் போனால் பாட்டு முனகலாகிவிடும். பாவு பிணைக்கக் கற்றுக்கொள்கிறவளுக்குத்தான் பாட்டைக் கொடுப்பார்கள். என்னை அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு முதல் அடியும் ராகமும்தான் தெரியும்.

அப்பா சேலைத் தரகர். சனிக்கிழமை மதியம் ஆரணி பஸ் ஏறினால் திங்கள்கிழமை காலையில்தான் வருவார். ஆரணித் தறிகளில் சேலை பார்க்கிற வேலை. திரும்பும்போது எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி வருவார், தம்பிக்குக்கூடக் கொடுக்க மாட்டார். சேலையை வெளிச்சத்தில் எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொன்னதே அவர்தான். நான் அப்பா பெண்.

அம்மாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். வாராவாரம் பின்கட்டு உரலில் மிளகாய் இடிப்பாள். ரோசம்மா ஒத்தாசைக்கு வருவார், கூடவே சின்னப் பெண்ணாக ஸ்டெல்லா. நான் எட்டிப் பார்த்தால் அம்மா விரட்டுவாள். "கிட்ட வராதம்மா, நெடி ஏறும். படிக்கிற பொண்ணு, கண்ணு கெட்டுடும்." அந்த வாசனை இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. தும்மிக்கொண்டே கணக்குப் போடுவேன்.

அப்பா இறந்த அன்று ஆரணியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார், வளர்ந்த இரண்டு பிள்ளைகளோடு. தெருமுனையில் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கு அப்பாவின் மூக்கு. தெருவே வேடிக்கை பார்த்து நின்றபோது, அம்மாதான் எழுந்து போய் அவர்களை உள்ளே கூட்டி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அன்னிக்குத்தான் நானே பார்க்கறேன்" என்றாள்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் என்னைப் போலவே ஏமாந்தவள் என்று நினைத்ததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன.

மிளகு உண்டு, மிளகாய் இல்லை

பாட்டுக்கு வருகிறேன். மிளகாய் அடியைக் கேட்ட மறுநாளே, எனக்குத் தெரிந்த ஒரு பழைய சரித்திர வாத்தியாரிடம் போனேன். திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுகிற மனிதர்.

"மிளகாயா?" என்று சிரித்தார். "அது கப்பலேறி வந்த சரக்கும்மா. நீங்க சொல்ற காலத்துல நம்ம ஊர்ல மிளகுதான் உண்டு. மிளகாயப் பார்த்தவனே கிடையாது."

நோட்டில் அந்த அடிக்குச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோடு நன்றாக அழுத்தமாக விழுந்தது.

பிறகு மற்ற அடிகளையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். "பிள்ளைக்குப் பால் இல்லை, உனக்கு ஏது அபிஷேகம்" என்று ஓர் அடி. கல்யாணமே வேண்டாம் என்று போனவளுக்குப் பிள்ளை ஏது? "மூத்தவள் பெயரால் என்னைக் கூப்பிடுகிறான்" என்று இன்னோர் அடி. யார் கூப்பிடுகிறான்? துறவிக்கு எதற்கு அந்தக் கவலை? பாட்டு முழுக்கப் போலிச் சரிகை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஸ்டெல்லா தன் மனம்போல இட்டுக்கட்டி, உள்ளே நின்று பாடுகிற ஆசையில் அம்மை பெயரை வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

அவளிடம் நேரே கேட்டேன். "இந்த மிளகா அடிய யாரு சேர்த்தது?"

"அத மட்டும் கேக்காதீங்கக்கா."

"ஏன்?"

"வேணாம்க்கா. வேற எந்த அடிய வேணா கேளுங்க, சொல்றேன்."

கேட்காதே என்று ஒரு நெசவாளர் சொன்னால் அந்த இடத்தில்தான் சுரண்ட வேண்டும் என்பது என் தொழில் பாடம்.

கமிட்டி முன்னால்

கமிட்டி கோயில் முற்றத்தில் கூடியது. கருங்கல் பலகைகள் வந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. கல் வெட்டுகிறவர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா பாவு பிணைத்த கையோடு, வெளுத்த நீலப் புடவையில் வாசல் பக்கம் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் நோட்டைப் பிரித்துப் படித்தேன். மிளகாய் விஷயத்தைச் சொன்னதும் முருகேசன் தொடையைத் தட்டினார்.

"நான் சொல்லல? இத்த தூக்கிடுவோம். பாடறதுக்கும் மெட்ராஸ்லேர்ந்து ஒரு பாடகிய ஏற்பாடு பண்ணிடலாம்."

"அந்த அடிய எடுத்துட்டா நான் பாட மாட்டேன் சார்" என்றாள் ஸ்டெல்லா வாசலிலிருந்து.

"அப்ப யாரு எழுதினதுன்னு சொல்லிடும்மா" என்றேன் நான்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா. நானே சேர்த்தது. தப்புதான்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். முருகேசனுக்குத் திருப்தி. எனக்குத்தான் திருப்தி இல்லை. ஸ்டெல்லாவுக்கு விரல் சும்மா இருக்காது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட இல்லாத இழையை முறுக்கிக்கொண்டு நிற்பாள். அந்தப் பதிலைச் சொன்னபோது அவள் விரல்கள் அசையவே இல்லை. போலியைப் பிடிப்பதில் எனக்கு இருக்கிற கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. எனக்குச் சாதகமான பொய்யையும் விட மாட்டேன். நோட்டோடு அவள் பின்னாலேயே ஓடினேன்.

எந்தக் கிழமை?

ஆற்றுப் பாலத்தருகே அவளைப் பிடித்தேன்.

"நீ சேர்க்கல. பொய் சொல்ற. ஏன் சொல்ற?"

"விட்டுடுங்கக்கா."

"நீ உள்ள நின்னு பாடறதே போயிடுச்சு. அப்படி யாரக் காப்பாத்திக்கினு இருக்குற?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இழையம்மை பாடினது மொத்தமே நாலு அடிதான்க்கா. மீதியெல்லாம் நாங்கதான். அம்மை சாகறப்போ சொன்னாங்களாம், அறுத்த பாவுல நுனி விட்டு வச்சிருக்கேன், பின்னால வர்றவ பிணைச்சிக்கோங்கன்னு. இந்தப் பாட்ட வாங்கறவ அவ அடி ஒண்ண சேர்க்கணும். யார்கிட்டயும் சொல்லாததா இருக்கணும், பொய்யா இருக்கக் கூடாது. அடி சேர்க்காதவளுக்குப் பாட்டு சேராது. பிள்ளைக்குப் பால் இல்லன்னு பாடினது எங்கம்மா. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்க்கா."

"மிளகா?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கம்மா."

நான் நம்பவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்போதும் நான் நம்பவில்லை. என் வாயை அடைக்க இட்டுக்கட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். நூலை உருவிச் சுரண்டினேன்.

"எங்கம்மா எந்தக் கிழமைல மிளகா இடிப்பாங்க?"

"சனிக்கிழமை" என்றாள் அவள், யோசிக்காமல். "உங்கப்பா ஆரணி பஸ் ஏறினதும் உரல எடுத்துடுவாங்க. நானும் எங்கம்மாவும் அதுக்குன்னே வருவோம். பாதி நாளு உரல்ல மிளகாயே இருக்காதுக்கா, போன வாரத்துத் தூளையே போட்டு இடிச்சிக்கினு இருப்பாங்க. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவ அப்பா பொண்ணு ஸ்டெல்லா, அவளுக்கு அவ அப்பா வேணும்'ன்னாங்க."

சிவப்பு நூல் தெரிந்துவிட்டது. நான் அந்தப் பாலத்துக் கட்டையில், ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். ஸ்டெல்லா என் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையில் சாம்பல் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

கோயிலுக்குத் திரும்பிப் போனேன். அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளேயே போனேன்.

"என்னப்பா முருகேசா, மிளகா அடி அசல். எல்லா அடியும் அசல். நான் பார்த்துட்டேன். இவதான் உள்ள நின்னு பாடுவா."

"எப்படி மேடம்? நீங்கதான இப்ப..."

"முப்பது வருஷம் நான் அசல்னு சொன்னத யாராச்சும் திருப்பி அனுப்பியிருக்காங்களா?"

முருகேசன் கல் வெட்டுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார். கல் வெட்டுகிறவரிடம், பாட்டு முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு பலகையை வெறுமையாக விட்டுவிடச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்று கேட்டார். "பின்னால வேண்டியிருக்கும்" என்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். என் அடி எது என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் அது இன்னும் வரவில்லை.

எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி, காட்டு உன் முகத்தை என்று கேட்டாள். சாமி முகம் காட்டியதோ இல்லையோ தெரியாது. அந்தப் பாட்டுக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவரவர் முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறேன். ஆமாம், நம்புகிறேன்.

ஒன்றுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுகிற வாய் நாலு. அதில் ஒருவர் சனியும் ஞாயிறும் ஊரில் இல்லை. அந்த வீட்டுக்கு வாராவாரம் எதற்கு அவ்வளவு மிளகாய் என்று, பூக்காரியின் முழத்தைக்கூடச் சந்தேகப்பட்ட நான் ஒரு நாளும் கேட்கவில்லை. உலகத்தில் ஒருவரையும் நம்பாத நான், அம்மா சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் சுரண்டிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.